ஈய எழுத்து

செவ்வாய்க்கிழமைகளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறேன்.
பையில் ஆழமானி, பழைய பல்தூரிகை, குடுவையில் தேநீர்.
அழுவதற்கு அல்ல. அளப்பதற்கு.

ஷெஃபீல்டின் கிழக்குச் சரிவு இது.
கீழே ஆற்றோரம் கோக் உலைகள் நின்ற இடத்தில்
இப்போது மெத்தை விற்கிறார்கள்.

முறை எளிது.
அந்தக் காலத்துச் சலவைக்கல்லில் எழுத்தை வெட்டி,
குழிக்குள் ஈயத்தை அடித்து இறக்கி,
கல்லும் ஈயமும் ஒரே மட்டமாகும்வரை தேய்ப்பார்கள்.
விரல் ஓட்டினால் தட்டக் கூடாது,
அதுதான் வேலைச் சுத்தம்.
இன்று தட்டுகிறது.
ஈயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது,
கல்தான் பின்வாங்கிவிட்டது.
எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்வேன்.

எபனேசர் க்ரோஷா, இரும்பு வணிகர், 1887:
ஒன்று புள்ளி ஆறு.
மனைவி தெர்சா, 1902: ஒன்று புள்ளி இரண்டு.
இரண்டு வயதில் போன ஓபேட்:
அளக்க முடியவில்லை. முதலெழுத்து உதிர்ந்துவிட்டது.
அதைப் பிடித்திருந்த மூன்று துளைகளில்
ஒன்றில் சிலந்தி.

மழையைக் குற்றம் சொல்ல மாட்டேன்.
இறங்கும் வழியில் அது யாரோடு சேர்ந்தது என்பதுதான் விஷயம்.
புகைபோக்கியின் கந்தகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது;
சுண்ணக்கல் ஜிப்சமானது;
அடுத்த மழை அதைக் கழுவிக்கொண்டு போனது.
மழை எட்டாத இடம், அந்தத் தேவதையின் அக்குள்,
கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கிறது.

மேல்தோல் மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம்.
சலவைக்கல் என்பது மணிமணியாய் நெருங்கி நிற்கும் கூட்டம்.
அமிலம் மணியை விட்டுவிட்டு
மணிக்கும் மணிக்கும் நடுவே நுழைகிறது.
மணி முழுசாக இருக்கும். பிடிப்பு போயிருக்கும்.
பார்த்தால் கன்னம், தொட்டால் விரலில் துகள்.
கல் சர்க்கரையாகிவிட்டது என்போம் எங்கள் பேச்சில்.
ஒருமுறை, யாரும் பார்க்காதபோது, நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
இனிக்கவில்லை.

வேலியோரம் ஜாபெஸ் ட்விக்,
க்ரோஷாவின் உலைக்குக் கரி அள்ளியவர்.
வீட்டாருக்குக் கட்டுப்படியானது ஒரு சிலேட்டுப் பலகை.
1891இன் உளித்தடம்
நேற்றுக் காலை வெட்டியதுபோல் விளிம்பு கூர்மை.
அமிலத்துக்கு அதில் தின்ன எதுவும் இல்லை.
இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த வெள்ளைதான்
இங்கே முதலில் உதிர்கிறது.
இதில் நீதி ஏதும் இல்லை, வேதியியல்தான்.
ஆனாலும் அவரைக் கடக்கும்போதெல்லாம்
எனக்குச் சிரிப்பு வரும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.
இருபத்தாறு வருடம் அந்த உலைகளின் பரிசோதனைக் கூடத்தில்
வேலை பார்த்தவள் நான்.
காலை ஏழு மணி, கரி மாதிரி:
கந்தகம் ஒன்று புள்ளி நான்கு சதவீதம்.
வரம்புக்குள்.
க்வென்டா தாக்ரே.
பொய் எழுதியதில்லை. வரம்பு அப்படித்தான் இருந்தது.
சன்னலுக்கு வெளியே மஞ்சள் புகை
இந்தச் சரிவை நோக்கிச் சாயும்;
காற்று இந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு
மதியச் சாப்பாட்டைப் பிரிப்போம்.

அதே கையெழுத்து. அதே தசமப் புள்ளி.
அன்று போனதை எழுதினேன்,
இன்று போய்ச் சேர்ந்ததை.

என் கணவர் லைனஸுக்குக் கல் இல்லை.
எரித்துவிடு, நீ அளக்க வருவாய் என்றார்,
ஆக்சிஜன் குழாய்க்குள் சிரித்துக்கொண்டே.

எண்பத்தேழில் உலைகள் மூடின.
அதன் பிறகு தேய்மானம் மெதுவாகியிருக்கிறது,
என் பதிவேட்டிலேயே தெரிகிறது. நல்ல செய்திதான்.
சர்க்கரையானது மட்டும் திரும்பக் கல்லாவதில்லை.

போன வாரம் புல்லை விலக்கும்போது
ஓபேடின் முதலெழுத்து கிடைத்தது.
ஆங்கில ஓ. கட்டைவிரல் நகமளவு ஈய வட்டம்.
பதிவேட்டின் மேல் வைத்துப் பார்த்தேன்:
பெயர்க் கட்டத்தில் எழுத்தாக இருந்தது,
அளவுக் கட்டத்துக்கு நகர்த்தினால் பூச்சியம்.
எதில் விடுவதென்று தெரியாமல்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
சின்னதுதான். பையை இழுத்தது.
கீழே மெத்தைக் கடையில் விளக்குப் போட்டார்கள்.
தூறல் தொடங்கியது; நான் குடை கொண்டுவரவில்லை.